நாவலைத் துருவிப் படிப்பது எப்படி: 'சிதைவுகள்' வழியாக ஒரு முழு வழிகாட்டி

கல்லூரி நாட்களில் என் கைக்கு வந்த நோட்ஸில் ஒரு பக்கம் இப்படி இருந்தது: நெருப்பு என்றால் கோபம், கிழங்கு என்றால் ஆண்மை, வெட்டுக்கிளி என்றால் வெள்ளைக்காரன். அதை அப்படியே மனப்பாடம் செய்து எழுதினேன். மதிப்பெண்ணும் வந்தது. நாவலைப் படிக்கவே இல்லை. பல வருடம் கழித்துப் படித்தபோது அந்த வரிகள் தப்பில்லை என்று தெரிந்தது. ஆனால் அவற்றை வைத்துக்கொண்டு நாவலில் ஒரு பக்கத்தைக்கூட ரசிக்க முடியாது என்பதும் தெரிந்தது. விடைத்தாளைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போட்ட கதைதான்.

கணக்கை நாமே போடுவது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி. பொதுவாகச் சொன்னால் காற்றில் போய்விடும் என்பதால் ஒரே ஒரு நாவலை எடுத்துக்கொள்கிறேன். நைஜீரிய எழுத்தாளர் சினுவா ஆச்சிபி எழுதி 1958-ல் லண்டனில் வெளிவந்த 'Things Fall Apart' அது, என்.கே. மகாலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் தமிழில் 'சிதைவுகள்'. முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். இன்னும் படிக்காதவர்கள் முதலில் அதைப் படித்துவிட்டு வருவது நல்லது. சிறிய நாவல்தான், இரண்டு மூன்று நாளில் முடித்துவிடலாம்.

1. முதல் தடவை பென்சில் வேண்டாம்

முதல் வாசிப்பில் கதையைக் கதையாகப் படியுங்கள். அடிக்கோடு, ஓரக்குறிப்பு எதுவும் வேண்டாம். எந்த இடத்தில் நெஞ்சு அடைத்தது, எங்கே அலுத்தது, எங்கே பாத்திரத்தின் மேல் எரிச்சல் வந்தது என்பதை மட்டும் முடித்த அன்றே ஒரு தாளில் எழுதிவையுங்கள். உங்கள் விமர்சனத்துக்கு அதுதான் மூலப்பொருள். இகெமெஃபுனா என்ற சிறுவன் கொல்லப்படும் இடத்தில் புத்தகத்தை மூடிவைத்தேன் என்று என் தாளில் இருந்தது. 'கிழங்கு பற்றி இவ்வளவா?' என்றும் ஒரு வரி இருந்தது. பின்னால் இரண்டுமே உதவின.

2. கதையின் எலும்புக்கூட்டை வரையுங்கள்

கதை சுருக்கமாக இது. நைஜீரியாவின் தென்கிழக்கில் இக்போ மக்களின் ஊர் உமுவோஃபியா. காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி. ஒக்கொங்வோ தன் உழைப்பால் மேலே வந்தவன், மல்யுத்த வீரன், மூன்று மனைவிகள் உள்ளவன். அப்பா உனோக்கா கடனாளி, புல்லாங்குழல் வாசிப்பவர், ஊர் மதிக்கும் கௌரவப் பட்டம் எதுவும் வாங்காமலே செத்தவர். அவரைப் போல ஆகிவிடக் கூடாது என்பதுதான் மகனின் வாழ்நாள் வைராக்கியம். கொலைக்கு ஈடாக வேற்றூரிலிருந்து அனுப்பப்பட்ட இகெமெஃபுனா என்ற பையன் மூன்று வருடம் அவன் வீட்டில் வளர்கிறான். பிறகு தெய்வவாக்கின்படி கொல்லப்படுகிறான். அதன் பின் ஒரு சாவு வீட்டில் ஒக்கொங்வோவின் துப்பாக்கி தவறி வெடித்து ஒரு பையன் இறக்க, ஏழு வருடம் தாயின் ஊரான ம்பான்டாவுக்கு நாடு கடத்தப்படுகிறான். திரும்பி வரும்போது ஊரில் தேவாலயம், நீதிமன்றம், வெள்ளைக்கார அதிகாரி. அரசாங்கத்தின் ஏவலாள் ஒருவனை வெட்டிவிட்டுத் தூக்கில் தொங்குகிறான்.

இனி எண்ணுங்கள். மொத்தம் 25 அத்தியாயங்கள்: முதல் பாகத்தில் 13, இரண்டாவதில் 6, மூன்றாவதில் 6. முதல் 13 அத்தியாயங்களிலும் ஒரு வெள்ளைக்காரர்கூட நேரில் வருவதில்லை, வேடிக்கைப் பேச்சில் ஒரு தடவை அடிபடுவதோடு சரி. 'இது காலனியம் பற்றிய நாவல்' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டும். காலனியம்தான் விஷயம் என்றால், பாதிக்கு மேல் கிழங்கு நடுவதையும் பெண் கேட்கப் போவதையும் மனைவிகள் சமைப்பதையும் ஏன் எழுதினார்? பக்கங்களை எங்கே செலவழித்திருக்கிறார் என்று பார்த்தாலே எழுத்தாளரின் அக்கறை பாதி தெரிந்துவிடும்.

3. முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள்

இரண்டாவது வாசிப்புக்கு இப்போது பென்சில். நல்ல நாவலின் முதல் பக்கம் விதைநெல் மாதிரி, முடிவைத் தெரிந்துகொண்டு படித்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்.

'சிதைவுகள்' முதல் பக்கத்தில் ஒக்கொங்வோ பதினெட்டு வயதில் அமலின்ஸே என்ற மல்லனை வீழ்த்திய கதை வருகிறது. அமலின்ஸேவுக்குப் 'பூனை' என்று பட்டப்பெயர், அவன் முதுகு மண்ணைத் தொடாது என்பதால். ஒக்கொங்வோவின் புகழ் வறண்ட காற்றில் பரவும் காட்டுத்தீ போலப் பரவியதாம். அவன் நடக்கும்போது குதிகால் தரையில் பட்டும் படாமலும் இருக்கும், யார் மேலாவது பாயப்போகிறவன் போல நடப்பான். கோபம் வந்தால் நாக்கு திக்கும், வார்த்தை வராதபோது கைமுஷ்டி பேசும்.

முதல் வாசிப்பில் இவை ஒரு பலசாலியின் வர்ணனை, அவ்வளவுதான். இரண்டாவது வாசிப்பில் ஓரத்தில் நான் எழுதியவை: மண். தீ. வார்த்தை வராதவன். இவை குறியீடுகள் என்று இந்தக் கட்டத்தில் முடிவு செய்யக் கூடாது. கண்ணில் பட்டதைக் குறித்துவைக்கிறோம், திரும்ப வருகிறதா என்று பார்க்கப்போகிறோம். 'ஏழு' என்பதையும் குறித்திருந்தேன். அமலின்ஸே தோற்காமல் இருந்தது ஏழு வருடம், நாடு கடத்தலும் ஏழு வருடம். அதை வைத்து எதுவும் கட்ட முடியவில்லை. விட்டுவிட்டேன். குறித்ததையெல்லாம் பயன்படுத்தியே தீர வேண்டும் என்று சட்டமில்லை.

4. பாத்திரத்தைப் படிப்பது: சொல்லுக்கும் செயலுக்கும் நடுவில் உள்ள இடைவெளி

'ஒக்கொங்வோ தைரியசாலி, கோபக்காரன், உழைப்பாளி' என்று அடுக்குவது கல்யாணத் தரகர் வேலை. பாத்திரத்தை விளக்குவது என்றால் இந்த ஆள் ஒன்றைச் சொல்லி இன்னொன்றைச் செய்யும் இடத்தைக் கண்டுபிடிப்பது. அதற்கு ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு மெதுவாகப் படிக்க வேண்டும்.

இகெமெஃபுனாவின் சாவைப் பார்ப்போம். ஊரின் மூத்தவர் எஸேயுடு முன்கூட்டியே வந்து எச்சரிக்கிறார்: பையன் உன்னை அப்பா என்று கூப்பிடுகிறான், இந்தக் காரியத்தில் நீ கை வைக்காதே. ஆகவே போகாமல் இருக்க வழி இருந்தது, அதுவும் பெரியவர் ஒருவரின் அனுமதியோடு. ஆனாலும் ஒக்கொங்வோ போகிறான். காட்டில் பையன் தலையில் கள்ளுப்பானையோடு நடக்கிறான். ஒருவன் அரிவாளை ஓங்கும்போது ஒக்கொங்வோ முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். பானை மணலில் விழுந்து உடைகிறது. அப்பா, என்னைக் கொன்றுவிட்டார்கள் என்று கத்திக்கொண்டு பையன் அவனை நோக்கி ஓடிவர, பயத்தில் நிலைகுலைந்து தன் அரிவாளை உருவி வெட்டிவிடுகிறான். காரணத்தையும் ஆச்சிபியே ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்: பலவீனமானவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம்.

இங்கே எத்தனை முரண் என்று பாருங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்பவனுக்குப் பாசம் இருக்கிறது. வெட்டுபவனுக்குத் தைரியம் இல்லை, பயம் இருக்கிறது. ஊர் கண்ணுக்கு மிக 'ஆண்மையான' செயல் உள்ளுக்குள் மிகக் கோழைத்தனமான செயல். அப்புறம் இரண்டு நாள் அவனால் சாப்பிட முடிவதில்லை. 'எப்போது நீ நடுங்கும் கிழவியானாய்?' என்ற தோரணையில் தன்னையே திட்டிக்கொள்கிறான். தன் துக்கத்துக்கே அவனிடம் வேறு பெயர் இல்லை, பெண்தன்மை என்றுதான் அதைக் கூப்பிடத் தெரியும்.

அடுத்து அவனைப் பக்கத்து ஆளோடு ஒப்பிடுங்கள். நாவலாசிரியர்கள் நாயகனுக்குப் பக்கத்தில் வேறொரு ஆளைச் சும்மா நிறுத்துவதில்லை. நண்பன் ஒபியெரிக்கா அந்தக் கொலைக்குப் போகவில்லை. அவன் நிலைப்பாடு நுட்பமானது: தெய்வவாக்கு என் மகனைக் கொல்லச் சொன்னால் நான் மறுக்கவும் மாட்டேன், செய்பவனாக இருக்கவும் மாட்டேன். நீ செய்தது பூமிக்குப் பிடிக்காது என்று ஒக்கொங்வோவிடம் நேராகவே சொல்கிறான். அதே ஊர், அதே தெய்வம், அதே தலைமுறை. ஆனால் இவனால் வேறு மாதிரி நடந்துகொள்ள முடிந்தது. 'அந்தக் காலத்து வழக்கம், அவன் என்ன செய்வான்' என்ற சாக்கு ஒபியெரிக்கா இருப்பதாலேயே செல்லாது.

மகன் நுவோயேவையும் இந்த இடத்திலேயே கவனிக்க வேண்டும். இகெமெஃபுனா செத்த அன்று இரவு அவனுக்குள் எதுவோ அறுந்துபோகிறது, இழுத்துக் கட்டிய வில்லின் நாண் அறுந்த மாதிரி. பிற்பாடு அவன் கிறித்தவனாகும்போது கடவுள் ஒருவரே மூவர் என்ற திரித்துவ வாதம் எதுவும் அவனுக்குப் புரிவதில்லை. ஒரு பாட்டு மட்டும் அந்தப் பழைய காயத்தைத் தொடுகிறது. அவன் எடுத்துக்கொள்ளும் புதுப் பெயர் ஐசக். பைபிளில் அப்பா பலி கொடுக்கக் கூட்டிப்போய், கடைசி நிமிடத்தில் பிழைத்த பிள்ளையின் பெயர். நாவலில் இதற்கு ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. இங்கே பிழைக்காமல் போன பையன் வேறு ஒருவன். பெயரைச் சுமப்பவன் இவன். இந்த மாதிரி இடத்தில்தான் பாத்திர ஆய்வு தானாகக் குறியீட்டுக்குள் நுழைந்துவிடும்.

5. குறியீடு: பொருள் முதலில் பொருளாகவே இருக்கட்டும்

சொற்களைப் பற்றி ஒரு சின்ன இடைச்செருகல். தீம் (theme) என்பதைப் பாடநூல்கள் 'கருப்பொருள்' என்கின்றன. தொல்காப்பிய வழியில் கருப்பொருள் என்றால் வேறு: ஒரு நிலத்துக்கு உரிய தெய்வம், உணவு, மரம், விலங்கு, பறவை, பறை, தொழில் போன்றவை. தீமுக்கு அங்கே பக்கத்தில் வருவது உரிப்பொருள், அதாவது பாட்டு சொல்ல வரும் உணர்வு. சங்கப் புலவர் மருதத்து வயலில் எருமை தாமரையை மேய்வதைக் காட்டிவிட்டு, பரத்தையிடம் போகும் தலைவனைச் சொல்லாமல் சொல்வார். எருமை முதலில் எருமைதான், வயலில் நிஜமாகவே மேய்கிறது. அதற்குப் பிறகுதான் உள்ளுறை. உள்ளுறையைப் படிக்கப் பழகிய நமக்கு, நாவலின் குறியீட்டைப் படிக்கத் தனிப் பயிற்சி தேவையில்லை. குழப்பம் வராமல் இருக்க இந்தக் கட்டுரையில் தீம் என்பதைக் 'கரு' என்றே எழுதுகிறேன்.

ஒரு பொருளைக் குறியீடு என்று சொல்வதற்கு முன் நான் கேட்பவை இவை. கதைக்குள் அதற்கு நிஜமான வேலை இருக்கிறதா? ஒரு தடவைக்கு மேல், முக்கியமான திருப்பங்களில் வருகிறதா? ஒவ்வொரு தடவையும் அர்த்தம் கொஞ்சம் கூடுகிறதா, நகர்கிறதா? மூன்றாவதுதான் உண்மையான சோதனை. எப்போதும் ஒரே அர்த்தத்தில் வந்தால் அது வெறும் அடையாளச் சீட்டு.

கிழங்கைப் பாருங்கள். இது நம் சர்க்கரைவள்ளி இல்லை, பெருவள்ளி வகை. கொடியாகப் படர்ந்து மண்ணுக்கடியில் பெரிதாக விளைவது. இக்போ வாழ்வில் அது ஆணின் பயிர், பயிர்களின் ராஜா. அப்பாவிடமிருந்து எதுவும் கிடைக்காத இளைஞன் ஒக்கொங்வோ பணக்காரர் ஒருவரிடம் விளைச்சலில் பங்கு தருவதாக 800 விதைக்கிழங்கு வாங்கி நடுகிறான். அந்த வருடம் வறட்சி, பிறகு பேய்மழை. அறுவடை நேரத்தில் விரக்தியடைந்த ஒரு விவசாயி மரக்கிளையில் துணியைக் கட்டித் தூக்குப் போட்டுக்கொள்கிறான். பெயரில்லாத ஆள், ஒரே ஒரு வாக்கியம், மூன்றாம் அத்தியாயம். அந்த வருடத்தையே தாண்டிவிட்டேன், இனி எதையும் தாண்டுவேன் என்று ஒக்கொங்வோ பின்னால் சொல்லிக்கொள்வான். நோட்ஸ் படித்தவனுக்குக் கிழங்கு ஆண்மையோடு நின்றுவிடுகிறது. நாவலைப் படிப்பவனுக்கு அதே கிழங்கு வயலின் ஓரத்தில் கடைசி அத்தியாயத்தின் மரம் தெரிகிறது.

வெட்டுக்கிளி இன்னும் நல்ல உதாரணம். ஏழாம் அத்தியாயத்தில் வெட்டுக்கிளிக் கூட்டம் வரும்போது ஊர் குதூகலிக்கிறது. அவர்களுக்கு அது தின்பண்டம், வறுத்து வெயிலில் காயவைத்துப் பனையெண்ணெயில் தொட்டுச் சாப்பிடுவார்கள். முதலில் ஒரு சின்னக் கூட்டம், நிலத்தைப் பார்த்துவர வந்த முன்னோடிகள் போல. பிறகு வானத்தை மறைக்கும் பெருங்கூட்டம், பாரம் தாங்காமல் கிளைகள் முறிகின்றன. ஒக்கொங்வோ பிள்ளைகளோடு உட்கார்ந்து அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் எஸேயுடு இகெமெஃபுனாவைக் கொல்ல முடிவான செய்தியோடு வருகிறார். எட்டு அத்தியாயம் தள்ளி, முதல் வெள்ளைக்காரனைக் கொன்ற ஆபாமே ஊரின் தெய்வவாக்கு சொல்கிறது: அவர்கள் வெட்டுக்கிளிகள், இவன் நிலத்தைப் பார்க்க வந்த முன்னோடி. வார்த்தைகூடக் கிட்டத்தட்ட அதேதான். 'வெட்டுக்கிளி என்றால் வெள்ளைக்காரன்' என்ற நோட்ஸ் வரியில் விட்டுப்போனது என்ன? ஊர் அதைச் சந்தோஷமாக வரவேற்றது என்பது. ருசித்துச் சாப்பிட்டது என்பது. அந்த வரவேற்பை எடுத்துவிட்டால் குறியீடு செத்துவிடுகிறது.

இனி நான் முதல் பக்கத்தில் குறித்த 'மண்'. இந்த நாவலில் எனக்கு மிகப் பிடித்த இழை இதுதான். எந்த நோட்ஸிலும் நான் பார்த்ததில்லை. இக்போ மக்களுக்கு ஆனி என்பது பூமித்தாய், விளைச்சலுக்கும் ஒழுக்கத்துக்கும் அவள்தான் பொறுப்பு. பென்சிலை எடுத்துக்கொண்டு அவள் பெயர் வரும் இடமெல்லாம் கோடு போட்டபோது வந்தது இது:

உனோக்கா உடல் வீங்கும் நோயில் இறக்கிறார். அது பூமிக்கு ஆகாத நோய், மண்ணில் புதைக்கக் கூடாது. தீய வனம் என்று ஊர் ஒதுக்கிவைத்த காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள், புல்லாங்குழலோடு போகிறார். யாரும் சண்டை போடக் கூடாத சமாதான வாரத்தில் ஒக்கொங்வோ இளைய மனைவியை அடிக்கிறான். அது பூமிக்குக் குற்றம், தண்டமாக ஆடு, கோழி, துணி, சோழி. இகெமெஃபுனாவைக் கொல்கிறான். பூமிக்குப் பிடிக்காது என்கிறான் ஒபியெரிக்கா. எஸேயுடுவின் சாவு வீட்டில் துப்பாக்கி வெடிக்கிறது. சொந்த ஊரானைக் கொல்வது பூமிக்கு எதிரான குற்றம், அவன் வீட்டை எரித்து மண்ணைத் தூய்மை செய்கிறார்கள். கடைசியில் தூக்கு. தற்கொலை பூமிக்குச் செய்யும் அவமானம், ஆகவே ஊரார் அவன் உடலைத் தொட முடியாது, அந்நியர்கள்தான் இறக்கிப் புதைக்க வேண்டும்.

வரிசையாக எழுதிப் பார்த்ததும் எனக்குச் சிலிர்த்தது. அப்பாவைப் போல ஆகக் கூடாது என்று ஓடிய மனிதன் கடைசியில் அப்பாவுக்குக் கிடைக்காத அதே மண் தனக்கும் கிடைக்காமல் போகிறான். குதிகால் தரையில் படாதவன் என்ற முதல் பக்க வர்ணனை இப்போது வேறு மாதிரி கேட்கிறது. இன்னும் ஒன்று: ம்பான்டாவில் பாதிரியார்கள் இடம் கேட்டபோது ஊரார் கொடுத்தது தீய வனத்தைத்தான். வேறு ஊர்க் காடு, ஆனால் அதே வகைக் காடு. தாத்தாவைத் தள்ளிய மாதிரியான மண்ணில் பேரன் நுவோயே தனக்கு இடம் தேடிக்கொள்கிறான். மகனிடம் தன் அப்பாவின் சாயலைக் கண்டு பயந்தவன் ஒக்கொங்வோ என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கியை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிழங்குத் திருநாளின்போது மனைவி எக்வெஃபி, சுடாத துப்பாக்கி என்று முணுமுணுக்கிறாள். ஆத்திரத்தில் அவளைக் குறிவைத்துச் சுடுகிறான், படவில்லை. சாவு வீட்டில் யாரையும் குறிவைக்கவில்லை, பையன் செத்துவிடுகிறான். அந்தப் பையன் யார்? எச்சரித்த எஸேயுடுவின் மகன். தெரியாமல் நடந்ததால் இக்போ சட்டப்படி அது 'பெண்' வகைக் குற்றம். பெண்தன்மையை வாழ்நாளெல்லாம் வெறுத்தவன் அந்தப் பெயருள்ள குற்றத்துக்காகத் தாயின் ஊருக்குப் போகிறான்.

இதற்கு நேர்மாறான எச்சரிக்கை: எல்லாமே குறியீடு இல்லை. மனிதர்கள் நாவல் முழுக்க மூக்குப்பொடி போடுகிறார்கள். அது மூக்குப்பொடி.

6. நம் ஊர்ச் சொல்லை ஒட்டவைக்கும்போது ஜாக்கிரதை

விருந்தாளிக்கு அவர்கள் கோலாக் கொட்டை உடைத்துத் தருவதைப் படிக்கும்போது நமக்கு வெற்றிலை பாக்குத் தட்டு ஞாபகம் வரும். அதில் தப்பில்லை, காட்சி உடனே பிடிபட்டுவிடும். ஆனால் 'சி' என்ற சொல்லைத் தலையெழுத்து என்று படித்தால் நாவலே கோணலாகிவிடும். சி என்பது ஒவ்வொருவருக்கும் உரிய தனித் தெய்வம். மனிதன் ஆம் என்றால் அவனுடைய சியும் ஆம் என்னும் என்பது அவர்கள் பழமொழி. ஒக்கொங்வோ மேலே ஏறும்போது ஊர் இதைச் சொல்கிறது. நாடு கடத்தப்பட்ட பிறகு அவனே அதைத் திருப்பிப் போடுகிறான்: நான் ஆம் என்றேன், என் சி இல்லை என்றது. எழுதிவைத்த விதி என்று படித்தால் இந்தப் பேரம், இந்த மனத்தாங்கல் இரண்டும் காணாமல் போய்விடும்.

'அக்பாலா' என்ற சொல்லும் அப்படித்தான். சின்ன வயதில் ஒக்கொங்வோவோடு விளையாடியவன் உனோக்காவை அக்பாலா என்கிறான்: பெண் என்று பொருள், பட்டமில்லாத ஆணுக்கும் அதே சொல். அந்த அவமானம்தான் ஒக்கொங்வோவை வடிவமைத்தது. ஆனால் உமுவோஃபியா மொத்தமும் அஞ்சி வணங்கும் மலைக்குகைத் தெய்வவாக்கின் பெயரும் அக்பாலாதான். அந்த ஊர் மொழியிலேயே வசவும் வழிபாடும் ஒரே சொல்லில் இருக்கின்றன. ஒக்கொங்வோவின் காதில் வசவு மட்டும் விழுந்தது.

7. கரு: ஒற்றைச் சொல்லில் ஆரம்பித்து, வாக்கியமாக்கி, பிறகு உடையுங்கள்

கடைசியில்தான் கருவுக்கு வர வேண்டும். 'ஆண்மை', 'காலனியம்' என்ற ஒற்றைச் சொற்கள் தலைப்புகள். கரு ஒரு வாக்கியமாக, யாராவது மறுத்துப் பேசக்கூடிய வாக்கியமாக இருக்க வேண்டும்.

என் முதல் முயற்சி: 'மென்மையை வெறுத்த ஒருவன் அதனாலேயே அழிகிறான்.' மோசமில்லை. ஆனால் நாவல் ஒக்கொங்வோவின் கதை மட்டும் இல்லையே, ஊரின் கதையும் இருக்கிறதே. இதற்கு எதிரான சான்றுகளை நாவலுக்குள்ளேயே தேடினேன். எட்டாம் அத்தியாயத்தில் ந்துலுவே என்ற முதியவரின் சாவு பேசப்படுகிறது. மனைவியிடம் சொல்லாமல் எதுவும் செய்யாதவர், இளமையில் பெரிய போர்வீரர். அவர் பலசாலி என்றல்லவா நினைத்தேன் என்று ஒக்கொங்வோ குழம்புகிறான். ம்பான்டாவில் தாய்மாமன் உசெண்டு கேட்கிறார்: பிள்ளை அப்பாவுக்குச் சொந்தம் என்கிறோம், அப்படியானால் ஏன் 'தாயே பெரியவள்' என்று பெயர் வைக்கிறோம்? ஒக்கொங்வோவிடம் பதில் இல்லை. ஆக இரண்டாவது வாக்கியம்: 'பலத்தையும் மென்மையையும் சேர்த்து வைத்திருந்த சமூகத்திலிருந்து ஒக்கொங்வோ ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டான்.'

இதையும் உடைத்துப் பாருங்கள். அந்தச் சமூகம் இரட்டைக் குழந்தைகளைக் காட்டில் வீசியது. ஓசு என்று ஒரு பிரிவினரை விலக்கி வைத்தது. இகெமெஃபுனாவைக் கொல்லச் சொன்னதும் ஊர்த் தெய்வம்தான், ஒக்கொங்வோ இல்லை. தேவாலயத்துக்கு முதலில் போனவர்களைப் பாருங்கள்: பெற்ற இரட்டையர்களையெல்லாம் பறிகொடுத்த தாய், ஓசு மக்கள், நுவோயே. வெள்ளைக்காரன் நம்மைச் சேர்த்துக் கட்டியிருந்தவற்றின் மேல் கத்தியை வைத்துவிட்டான் என்று ஒபியெரிக்கா சொல்லும் இடத்தோடு இதைச் சேர்த்தால் என் மூன்றாவது வாக்கியம் வருகிறது: 'வெளியிலிருந்து வந்த கத்தி, ஊர் தானே உண்டாக்கி மூடிவைத்திருந்த விரிசல்களில்தான் இறங்கியது, அந்த விரிசல்களைப் பலம் என்று நம்பியவன் முதலில் உடைந்தான்.' முதல் 13 அத்தியாயங்கள் ஏன் வெள்ளைக்காரர் இல்லாமல் நடக்கின்றன என்ற கேள்விக்கும் இது பதில் சொல்கிறது. உங்கள் வாக்கியம் வேறாக இருக்கலாம். ஆனால் அதற்கும் இந்தப் பதில் இருக்க வேண்டும்.

8. யார் கதை சொல்கிறார்?

இதைப் பலர் தாண்டிப்போய்விடுகிறார்கள். 'சிதைவுகள்' முழுக்க ஊரை உள்ளிருந்து தெரிந்த ஒரு குரல் கதை சொல்கிறது. கடைசிப் பத்தியில் மட்டும் திடீரென்று மாவட்ட அதிகாரியின் தலைக்குள் போய்விடுகிறோம். தான் எழுதப்போகும் புத்தகத்தை அவர் யோசிக்கிறார்: இந்த ஆளைப் பற்றி ஒரு அத்தியாயமே எழுதலாம். இல்லை, அத்தியாயம் வேண்டாம், ஒரு பத்தி போதும். கீழ் நைஜரின் ஆதிகாலப் பழங்குடிகளை அமைதிப்படுத்தியது பற்றிய புத்தகம் அது. 25 அத்தியாயம் வாசித்து முடித்த நமக்கு 'ஒரு பத்தி' என்ற சொல் சுருக்கென்று குத்துகிறது. நாவல் ஏன் எழுதப்பட்டது என்பதற்கு விளக்கமே தேவைப்படவில்லை, பார்வை ஒரு தடவை மாறியதே போதுமாக இருந்தது. எந்த நாவலிலும் பார்வை மாறும் இடத்தில் நின்று, ஏன் இங்கே என்று கேளுங்கள்.

வெளித்தகவலை இந்தக் கட்டத்துக்குப் பிறகு படிப்பதே என் வழக்கம். ஆச்சிபி 1930-ல் ஒகிடியில் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். நாவல் வந்து இரண்டு வருடத்தில், 1960-ல், நைஜீரியா விடுதலை பெற்றது. தலைப்பு யேட்ஸ் என்ற ஐரிஷ் கவிஞரின் 1919-ஆம் ஆண்டுக் கவிதையிலிருந்து எடுத்தது. இவற்றை முதலிலேயே படித்தால் நாவலில் நாம் தேடுவது இவற்றுக்கான சான்றுகளாக ஆகிவிடும்.

9. எழுதும்போது

கட்டுரையில் ஒரு பத்திக்கு ஒரு காட்சி போதும். 'இந்நாவலில் மண் ஒரு முக்கியக் குறியீடாகத் திகழ்கிறது' என்று ஆரம்பித்தால் அடுத்த வரி எழுத வராது. இப்படி ஆரம்பித்துப் பாருங்கள்: 'ஒக்கொங்வோவின் உடலை இறக்க அவன் நண்பனே மறுக்கிறான். பூமிக்கு எதிராகக் குற்றம் செய்தவனை ஊரார் தொடக் கூடாது. இருபதுக்கும் மேற்பட்ட அத்தியாயங்களுக்கு முன் அவன் அப்பாவையும், பூமிக்கு ஆகாத நோய் என்பதால், மண் ஏற்கவில்லை.' அடுத்த வாக்கியம் தானே வரும். 'திகழ்கிறது', 'விளங்குகிறது' எல்லாவற்றையும் அடித்துவிட்டு, நாவலில் யார் என்ன செய்தார்கள் என்பதை எழுதினாலே பாதி விமர்சனம் முடிந்துவிடும்.

எவ்வளவு துருவினாலும் ஏதாவது விட்டுப்போகும். ஏவலாளை வெட்டிய பிறகு ஒக்கொங்வோ கூட்டத்தைப் பார்க்கிறான். ஊர் போருக்கு எழாது என்று அந்தக் கணத்தில் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது, மற்ற ஏவலாட்களைத் தப்பவிட்டுவிட்டார்கள். ஏன் இப்படிச் செய்தான் என்று யாரோ கேட்பது அவன் காதில் விழுகிறது. அரிவாளை மணலில் துடைத்துவிட்டு நடந்து போகிறான். மண்ணைப் பற்றி இவ்வளவு எழுதிவைத்திருந்த நான், அவன் அரிவாளைத் துடைப்பது மணலில் என்பதை மூன்றாவது வாசிப்பில்தான் பார்த்தேன்.